கையைக் குவித்துத் தண்ணீர் கேட்ட குழந்தை

"தண்ணி கேட்டா டம்ளரை வாங்க மாட்டேங்குறா அக்கா. ரெண்டு கையையும் குவிச்சு வாய்கிட்ட வெச்சுக்கிட்டு நிக்குறா. நாம ஊத்தணுமாம்."

பங்குனியில் மல்லாட்டை பிடுங்கும் வேலை முடிந்து வந்த ஒரு தாய், காலனி முனையில் என்னை நிறுத்திச் சொன்னது இது. மகளுக்கு இரண்டரை வயது. ஊர்த்தெருவில் இருக்கும் பால்வாடிக்குப் போகத் தொடங்கி ஐந்து மாதம் ஆகியிருந்தது. வீட்டில் யாரும் அந்தக் குழந்தைக்குக் கையைக் குவிக்கச் சொல்லித் தரவில்லை. அவளுடைய பாட்டி, அந்தக் காலத்தில் ஊர்த்தெரு வீட்டுப் பின்வாசலில் அப்படிக் குடித்தவர். பேத்தி கையைக் குவித்ததைப் பார்த்து அந்தக் கிழவி அழுதாராம்.

கேட்கக் கேட்க மற்றதும் வந்தது. மாலையில் கூட்டி வரும்போது குழந்தையின் ஜட்டி ஈரமாகவே இருக்கும். தொடையிடுக்கு புண்ணாகிச் சிவந்து கிடந்தது. வீட்டுக்கு வந்ததும் சோற்றுப் பானையைத் தேடி ஓடுவாள். முட்டை போடும் நாளில் "முட்டை சாப்பிட்டியா?" என்று கேட்டால் பதில் வராது. தாய் சேய் நல அட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். நான்கு மாதமாக எடை அதே 9 கிலோ 800 கிராம். பச்சைப் பட்டையில் இருந்த புள்ளி மஞ்சளுக்கு இறங்கியிருந்தது. வளர்கிற வயதில் எடை ஏறாமல் நிற்பதும் இறங்குவதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"இனிமே அனுப்ப மாட்டேன். அத்தை கொல்லைக்குத் தூக்கிட்டுப் போயிடட்டும்" என்றார் அந்தத் தாய்.

காலனிகளில் நான் அதிகம் கேட்டிருக்கும் பதில் இதுதான். யாரும் புகார் சொல்வதில்லை, பிள்ளையை மட்டும் நிறுத்திவிடுகிறார்கள். குழந்தை வெயிலில் வரப்பில் கிடக்கும். அதற்கு வரவேண்டிய முட்டையும் மாவும் கணக்கில் மட்டும் ஓடும். தனித் தட்டு வைத்தவர்களுக்கோ தொல்லை விட்டது. அவர்கள் விரும்பியதை நாமே செய்து கொடுத்துவிடுகிறோம்.

ஆகவே நான் அவரிடம் சொன்னது ஒன்றுதான். பிள்ளையை நிறுத்தாதே, கேள். சொல்வது எனக்கு எளிது. மறுநாள் அதே தெருவில் கூலிக்கு நிற்க வேண்டியவர் அவர். அது தெரிந்தே சொன்னேன்.

ஒருமுறை தோற்ற கதை

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் இதே போன்ற பிரச்சினை. கோபத்தில் முதல் நாளே காவல் நிலையம் போனோம். எந்தக் குழந்தை, எந்தத் தேதி, யார் பார்த்தார்கள் என்று எதுவும் எழுதாத புகார். விசாரணைக்கு வந்தவர்களிடம் மையத்தில் ஒரே மாதிரித் தட்டுகளை அடுக்கிக் காட்டினார்கள். புகார் நிற்கவில்லை. அந்தப் போகம் முழுக்கக் காலனிப் பெண்களுக்கு நடவு வேலை தரவில்லை. பிள்ளைகளும் அந்த மையத்துக்குத் திரும்பவில்லை. அவசரம் என்னுடையது, இழப்பு அவர்களுடையது.

இந்த முறை ஐந்து தாய்மார்கள் சேர்ந்தார்கள். பத்து நாள் எதுவும் பேசவில்லை. பார்த்ததை மட்டும் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதியிட்டு எழுதினார்கள். எழுதத் தெரிந்த ஒரு பெண் எழுத, மற்றவர்கள் சொன்னார்கள். எத்தனை மணிக்கு மையம் திறந்தது, டீச்சர் வந்தாரா, என்ன சமைத்தார்கள், குழந்தை எங்கே உட்கார்ந்திருந்தது, ஜட்டி ஈரமா இல்லையா, அவ்வளவுதான். புண்ணுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, அந்தச் சீட்டையும் நோட்டுக்குள் வைத்தார்கள்.

பதினோராம் நாள் காலை ஐவரும் ஒன்றாக மையத்துக்குப் போனார்கள். சண்டைக்குப் போகவில்லை. வருகைப் பதிவேட்டையும் எடைப் பதிவையும் காட்டச் சொன்னார்கள்.

அங்கே ஆயா மட்டும் இருந்தார். டீச்சருக்குப் பக்கத்து ஊர் மையமும் கூடுதல் பொறுப்பு. வாரத்தில் மூன்று நாள்தான் இங்கே வருவார். சமையல், கழுவல், இருபதுக்கு மேல் பிள்ளைகள், எல்லாம் ஒரே ஆளின் தலையில். ஆயா ஊர்த்தெருக்காரர், கணவரை இழந்தவர். முதலில் மறுத்தார். நோட்டைப் படித்துக் காட்டியதும் உட்கார்ந்துவிட்டார். "தெருவுல உள்ளவங்க தனியா வெக்கச் சொன்னாங்க. நான் கேக்கலைன்னா எனக்கு இந்த வேலை நிக்காதும்மா" என்றார்.

இரண்டையும் பிரித்துப் பாருங்கள்

இந்த இடத்தில் நாம் நிதானமாக யோசிக்க வேண்டும். ஈர ஜட்டியோடு குழந்தை கிடந்ததற்கு ஆள் பற்றாக்குறை ஒரு காரணம். அதற்கு ஆயாவைத் திட்டிப் பயனில்லை. காலி இடத்தை நிரப்பச் சொல்லி மேலே கேட்க வேண்டும். ஆனால் டம்ளரைத் தராமல் கையில் தண்ணீர் ஊற்றியதற்கு ஆள் பற்றாக்குறை காரணமல்ல. அது தீண்டாமை. யார் செய்யச் சொன்னாலும், யார் பயந்து செய்தாலும் அது தீண்டாமைதான். முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறைக்க அதிகாரிகள் முயல்வார்கள். "ஸ்டாஃப் இல்லீங்க" என்ற ஒரு வரியில் எல்லாவற்றையும் முடிப்பார்கள். எனவே மனுவையே இரண்டாகப் பிரித்து எழுதினோம்.

முதல் மனு பராமரிப்புக் குறை பற்றியது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இன்படி, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு வயதுக்கேற்ற உணவை அங்கன்வாடி வழியாக இலவசமாகத் தருவது அரசின் கடமை. தராமல் போனால் அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படி கேட்கவும் அந்தச் சட்டம் வழி செய்திருக்கிறது. யாரும் போடும் பிச்சையல்ல இது. இந்த மனுவை வட்டார மேற்பார்வையாளருக்கும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கும் கொடுத்தோம்.

இரண்டாவது மனு தனித் தட்டும் கையில் ஊற்றிய தண்ணீரும் பற்றியது. பொது இடத்தில் பொதுப் பயன்பாட்டுக்கு உள்ள பாத்திரத்தைப் பட்டியல் சாதியினர் பயன்படுத்தவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 2015 திருத்தம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இந்த மனு திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் போனது. நகல் ஆதிதிராவிடர் நல அலுவலருக்கு. இரண்டுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்கினோம். சீட்டு இல்லாத மனு, கொடுக்காத மனு.

பதில் வராத இடத்தில் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில். மையத்துக்கு எத்தனை முட்டை வந்தது, எத்தனை பிள்ளைகளுக்கு வருகை போடப்பட்டது என்று கேட்டாலே பல இடங்களில் மறுநாள் முட்டை வந்துவிடும்.

மையம் எங்கே இருக்கிறது?

1975 அக்டோபர் 2ஆம் தேதி ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1 அன்று தொடங்கிய சத்துணவுத் திட்டம் பால்வாடிப் பிள்ளைகளையும் சேர்த்தே தொடங்கியது. திட்டம் இருந்தும் கட்டடம் எங்கே எழுந்தது என்பதுதான் கேள்வி. பல ஊர்களில் அது ஊர்த்தெருவில்தான். உணவுரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004இல், பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகள் எல்லாவற்றிலும் விரைவாக அங்கன்வாடி வேண்டும் என்றது. 2006 டிசம்பர் 13 ஆணை, மையம் இல்லாத குடியிருப்பில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேர் இருந்தால், கேட்ட மூன்று மாதத்துக்குள் மையம் தரவேண்டும் என்றது. உங்கள் காலனியில் எத்தனை பிள்ளைகள்? எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கையோடு அடுத்த கிராம சபையில் தீர்மானம் கேளுங்கள்.

வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர், சுரங்கங்களில் உழைக்கும் பெண்களின் குழந்தைகளுக்குக் காப்பகம் அமைக்கச் சட்டவழி செய்தவர். வேலைக்குப் போகும் தாயின் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி அவருக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை. நமக்கும் படக்கூடாது.

பிறகு நடந்தது

மனு கொடுத்த இரண்டாவது வாரம் விசாரணைக்கு வந்தார்கள். நோட்டும் மருத்துவச் சீட்டும் இருந்ததால் மறுக்க முடியவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தட்டு, ஒரே டம்ளர், ஒரே பாய் என்று எழுத்தில் உத்தரவு வந்தது. ஆயாவை மாற்றிவிடுகிறோம் என்றார்கள். அந்த ஐந்து பெண்களும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். "அவங்கள மாத்திட்டா சொன்னவங்க தப்பிச்சுக்குவாங்க" என்றார் ஒருவர். தனியாக வைக்கச் சொன்னவர்கள் மீதான மனு இன்னும் விசாரணையில்தான் இருக்கிறது. முழுநேர டீச்சர் வர இரண்டு மாதம் ஆனது.

எல்லாம் சரியாகிவிடவில்லை. ஊர்த்தெருக் குடும்பங்கள் இரண்டு தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டன. மற்றவர்கள் அனுப்புகிறார்கள். ஒரு நிலத்துக்காரர் அந்தத் தாயைக் கூலிக்குக் கூப்பிடுவதில்லை. மற்ற நால்வரும் அவர் இல்லாமல் அந்தக் கொல்லைக்குப் போவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார்கள். எத்தனை நாள் தாங்கும் என்று தெரியவில்லை. இதுவரை தாங்குகிறது.

போன மாதம் எடை போட்டபோது குழந்தை 10 கிலோ 600 கிராம். புண் ஆறிவிட்டது. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டதை நானே பார்த்தேன். சாப்பிட்டு முடித்து அவள் தண்ணீர் கேட்டாள். ஆயா டம்ளரை நீட்டினார். குழந்தை பழக்கத்தில் கையைக் குவித்தாள். ஆயா ஒன்றும் சொல்லாமல் குவிந்த கைகளை விரித்து, டம்ளரை அதில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.