மூலக்கூறு பிரியும் நேரம்

அணுக்கள் இணைந்து மூலக்கூறு உருவாகிறது. அவ்விணைப்பை வேதிப்பிணைப்பு என்பர். அது முறிவதற்கு ஆற்றல் வேண்டும். வெப்பம் அவ்வாற்றலைத் தரும், ஒளியும் தரும். ஒளியால் மூலக்கூறு பிரிவது ஒளிச்சிதைவு எனப்படும்.

சிதைவுக்கு முன் இருந்த பொருளையும், பின் கிடைத்த பொருளையும் வேதியியலார் அறிந்திருந்தனர். ஆயினும், இடையில் நடப்பதை அவர்களால் காண இயலவில்லை. கண்ணிமைக்கும் நேரத்திற்குள் அந்நிகழ்வு பல்லாயிரம் கோடி முறை நடந்துவிடக்கூடும்!

எகிப்தில் பிறந்த அகமது சுவைல், அமெரிக்காவின் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஆய்வு செய்தார். 1987ஆம் ஆண்டில் அவருடைய குழுவினர் அயோடின் சயனைடு வாயுவை ஆராய்ந்தனர். அதன் மூலக்கூறில் அயோடின், கார்பன், நைட்ரஜன் என மூன்றே அணுக்கள் உள்ளன. வாயு நிலையில் மூலக்கூறுகள் விலகி இருப்பதால், ஒன்று பிரியும்போது மற்றொன்று குறுக்கிடுவதில்லை.

முதல் லேசர் துடிப்பு பட்டதும் அயோடின் அணு விலகத் தொடங்கியது. இரண்டாம் துடிப்பு சற்றுத் தாமதமாக வந்தது. பிரிந்து நின்ற கார்பன்–நைட்ரஜன் துண்டு அவ்வொளியை ஏற்று ஒளிர்ந்தது. தாமதத்தை எவ்வாறு உண்டாக்கினர்? இரண்டாம் துடிப்பு செல்லும் பாதையை நீட்டினர். பாதை 0.3 மில்லிமீட்டர் நீண்டால், ஒளி 1,000 ஃபெம்டோ நொடி தாமதமாக வரும். ஒரு நொடியை நூறு கோடியாகப் பகுத்து, அதில் ஒரு பங்கை மேலும் பத்து லட்சமாகப் பகுத்தால் கிடைப்பதே ஒரு ஃபெம்டோ நொடி.

அப்பிணைப்பு ஏறத்தாழ 200 ஃபெம்டோ நொடியில் முறிவதாக அவர்கள் கண்டனர். இவ்வகை ஆய்வுகளுக்காகச் சுவைல் 1999இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். கண்ணுக்குத் தெரியாத பிரிவையும் காலத்தால் அளக்கலாம் என்பதை உலகம் அறிந்தது.