மாமன்ற மனிதர்கள் - 7: ஓரணா டிபன்

1920 செப்டம்பர் 16 அன்று சென்னை மாநகராட்சி மன்றத்துக்கு ஒரு சின்னத் தீர்மானம் வந்தது. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு டிபன் கொடுக்க வேண்டும். செலவு ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவைத் தாண்டக் கூடாது. தலைவர் நாற்காலியில் இருந்தவர் பிட்டி தியாகராய செட்டியார். அவர் வாதம் சுருக்கமானது. அங்கே படிக்க வருவதெல்லாம் ஏழைப் பிள்ளைகள். அதனாலேயே பள்ளியின் மாணவர் எண்ணிக்கை ஏறவில்லை. புண்ணியக் கணக்கு பார்க்காமல் வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பேசிய பேச்சு அது. தீர்மானம் நிறைவேறியது.

மதிய உணவு என்றதும் காமராஜரும் எம்.ஜி.ஆரும் நினைவுக்கு வருவது நியாயம்தான். மாநிலம் முழுக்கக் கொண்டுபோனவர்கள் அவர்கள். ஆனால் பள்ளிக்கூடத்துக்குள் சோற்றுக்கு வரிப்பணத்தில் கணக்கெழுதலாம் என்று முதலில் துணிந்தது, சாக்கடையும் தெருவிளக்கும் பேசுகிற இந்த மன்றம்தான்.

திட்டம் இன்னும் நான்கு பள்ளிகளுக்குப் பரவியது. ஐந்து பள்ளிகளிலும் சேர்த்து 1922-23ல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை, 1924-25ல் 1,671 ஆனது. செட்டியாரின் வாதத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இருந்தும் அரசாங்கம் குறுக்கே வந்தது. 1920ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டத்தின்படி, கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவை எடுக்க முடியாது என்றார்கள். பிள்ளைக்குப் பசிக்கிறதா என்பது கேள்வியே இல்லை. எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதுதான் கேள்வி. 1925 ஏப்ரல் 1 முதல் டிபன் நின்றது. அதே மாதம் 28ஆம் தேதி தியாகராயரும் காலமானார்.

1852ல் தேவாங்கர் குடும்பத்தில் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் பி.ஏ. படித்துவிட்டுக் குடும்பத் தொழிலுக்குத் திரும்பியவர். தோல், நெசவு என்று வியாபாரம் பெரிது. 1882ல் மன்ற உறுப்பினரானவர், ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அங்கேயே இருந்தார். வெள்ளைக்கார அதிகாரிகள் தலைமை வகித்த காலம் முழுக்கச் சாதாரண உறுப்பினராக உட்கார்ந்து பேசிவிட்டு, 1919ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டம் வந்த பிறகுதான் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவரானார். அப்போது அவருக்கு வயது அறுபத்தேழைத் தாண்டிவிட்டது. இன்றைக்கு ஒரு முறை கவுன்சிலரானதும் சட்டமன்ற சீட்டு கேட்கிறவர்களை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

அவருக்குச் சீட்டு வீடு தேடி வந்தது. டி.எம்.நாயர் முதலானவர்களோடு சேர்ந்து 1916ல் அவர் தொடங்கிய நீதிக்கட்சி, 1920 தேர்தலில் வென்றது. ஆளுநர் வில்லிங்டன் அமைச்சரவை அமைக்கக் கூப்பிட்டார். செட்டியார் மறுத்துவிட்டார், சுப்பராயலு ரெட்டியார் முதல் அமைச்சரானார். இதைத் தியாகம் என்று எழுதுவது வழக்கம். எனக்கென்னவோ, நாற்பது வருஷம் பழகிய நாற்காலியை விட அவருக்கு மனம் வரவில்லை என்றுதான் தோன்றுகிறது. இரட்டை ஆட்சியில் அமைச்சர்களுக்குக் கிடைத்தது பாதி அதிகாரம். மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையில் ஓரணாவையாவது தன் விருப்பப்படி செலவு செய்ய முயன்றுபார்க்கலாம்.

எப்போதும் வெள்ளை உடைதான். அதனால் வெள்ளுடை வேந்தர் என்று பெயர். 1922 ஜனவரியில் வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்தபோது ஒத்துழையாமைக்காரர்கள் கடையடைப்பு நடத்தினார்கள். வரவேற்பில் முன்னின்ற அவர் வீட்டைக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. மாலையும் கல்லும் ஒரே மனிதருக்கு வந்த காலம்.

ஒரு கறையைச் சொல்லாமல் போக முடியாது. 1921ல் பின்னி ஆலை வேலைநிறுத்தம் புளியந்தோப்பில் கலவரமாக வெடித்தபோது, நீதிக்கட்சித் தலைவர்கள் ஆதிதிராவிடத் தொழிலாளர் பக்கம் நிற்கவில்லை. அரசாங்கம் அவர்களுக்குச் சலுகை காட்டுகிறது என்று குறை சொன்னார்கள். ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி.ராஜா கட்சியை விட்டு வெளியேறியதற்கு இந்தக் கசப்பும் ஒரு காரணம். ஓரணா டிபனை வைத்து இதை ஈடுகட்டிவிட முடியாது.

வடசென்னையில் வாழ்ந்து, வண்ணாரப்பேட்டையில் இன்று கல்லூரியாக வளர்ந்திருக்கும் பள்ளியைத் தொடங்கியவர் அவர். ஆனால் ஊர் அவர் பெயரைக் கொண்டுபோய் ஒட்டியது மாம்பலம் ஏரிப் பக்கம் எழுந்த புதுக் குடியிருப்பில். பிறகு தியாகராய நகர் சுருங்கி தி.நகர் ஆகிவிட்டது. தீபாவளிக்குப் புடவை எடுக்கப் போகிறவர்களில் அந்தத் 'தி' யார் என்று எத்தனை பேருக்குத் தெரியுமோ!

டிபன் நின்ற அதே 1925ல் மன்றத்துக்குள் நுழைந்தார் ஒரு கம்யூனிஸ்ட். அவர் சிங்காரவேலர். அடுத்த வாரம் அவரைப் பார்க்கலாம்.