வலைவிரித்தவனும் விலைகொடுத்தவனும்

நெய்வேலி நகரியத்தில் வாழ்வோர்க்கு மயில் அரிய காட்சியன்று. 1956ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிய பின்னர் நட்டு வளர்க்கப்பெற்ற மரங்கள் இன்று வட்டந்தோறும் சோலைகளாய்த் தழைத்து நிற்கின்றன. வைகறையில் மயில் அகவுவதும், அந்தியில் பச்சைக்கிளிகள் கூட்டமாய் அடையத் திரும்புவதும் நம் அன்றாட வாழ்வின் பகுதிகளாகிவிட்டன. ஆயினும், மரத்தில் பறக்கும் அதே கிளியைக் கூண்டில் அடைத்து வீட்டு முகப்பில் தொங்கவிடும் வழக்கம் நம் குடும்பங்களிடையே இன்னும் முற்றிலும் மறையவில்லை. கௌதாரிக் கறி உடலுக்கு உரமூட்டும், உடும்புக் கறி இடுப்பு வலியைப் போக்கும் என நம்பி விலை கொடுப்போரும் உளர். இவை குற்றம் என்பதைப் பலர் அறியார். அறிந்தோரும், "நான் வேட்டையாடவில்லையே, காசு கொடுத்துத்தானே வாங்கினேன்!" என்று தம்மைத் தாமே தேற்றிக்கொள்கின்றனர். இந்தச் சமாதானம் சட்டத்தின் முன்னும் மனச்சான்றின் முன்னும் நிற்குமா என்று சற்றே எண்ணிப் பார்ப்போம்.

சட்டம் கூறுவது யாது?

விலங்குகளைக் காக்கும் சட்டம் நம் நாட்டுக்குப் புதியதன்று. யானைகளைக் காக்கச் சென்னை மாகாணத்தில் 1873இலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பறவைகளுக்கென 1887இலும், பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் சேர்த்து 1912இலும் சட்டங்கள் பிறந்தன. இவற்றின் காவல் போதாமையால், 1972ஆம் ஆண்டு நாடாளுமன்றம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. தொடக்கத்தில் சிலவகை உயிரினங்களை உரிமம் பெற்று வேட்டையாட இச்சட்டம் இடமளித்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வாயிலையும் அடைத்தது. 2022இல் மீண்டும் திருத்தப்பட்ட இச்சட்டம், 2023 ஏப்ரல் முதல் நாளிலிருந்து புதிய அட்டவணைகளுடன் நடைமுறையில் உள்ளது. புலி, யானை ஆகியவற்றோடு மயிலும் உடும்பும் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. பச்சைக்கிளி, கௌதாரி, முயல் போன்றவையும் பாதுகாக்கப்பட்ட உயிரினங்களே.

வேட்டை என்றால் துப்பாக்கியால் சுடுவது மட்டும் என்று கருதலாகாது. கண்ணி வைப்பதும், வலை விரிப்பதும், நஞ்சிடுவதும், உயிரோடு பிடிப்பதும், பறவையின் கூட்டையும் முட்டையையும் சிதைப்பதும் சட்டத்தின் பார்வையில் வேட்டையே. அவ்வாறு பிடிக்கப்பட்ட உயிரும் அதன் இறைச்சியும் அரசின் சொத்து. அனுமதியின்றி அதனைப் பெறுவதும் கைவசம் வைத்திருப்பதும் குற்றம். எதிர்பாராது கைக்கு வந்துவிட்டால் 48 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்திலோ உரிய அதிகாரியிடமோ தெரிவித்தல் வேண்டும். முதல் அட்டவணை உயிர்களை வேட்டையாடுவோர்க்கு மூன்று முதல் ஏழு ஆண்டுச் சிறையும், இருபத்தையாயிரம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. "காசு கொடுத்துத்தானே வாங்கினேன்" என்பது இங்கே விடுதலை தரும் சொல்லன்று. குற்றத்தை ஒப்புக்கொள்ளும் சொல்லே ஆகும்.

இச்சட்டம் மனிதனின் இன்னலைக் காணாத சட்டமன்று. தன்னுயிரையோ பிறருயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு ஒரு விலங்கைக் கொல்ல நேர்ந்தால் அது குற்றமாகாது. பயிரழிக்கும் காட்டுப்பன்றி காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால், அதனை வனத்துறையினர் சுடுவதற்குத் தமிழக அரசு 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வழிசெய்தது. மயிலால் விளைச்சலை இழக்கும் உழவரின் துயரும் மெய்யானதே. அதற்கு அவர் நாட வேண்டியது வனத்துறையையே அன்றி நஞ்சு கலந்த தானியத்தை அன்று.

அங்காடியில் அழிந்த இனம்

விலை கொடுப்பவனின் கை எத்துணை வலிமையுடையது என்பதற்கு அமெரிக்க நாட்டு வரலாறு ஒன்று சான்று. அங்கே 'பயணப்புறா' என்றோர் இனம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அவை கோடிக்கணக்கில் பறந்தபோது வானமே இருண்டது என்பர். வேடர்கள் அவற்றைக் கூட்டங்கூட்டமாய்ப் பிடித்துப் புகைவண்டிகளில் நகரத்து அங்காடிகளுக்கு அனுப்பினர். நகரத்தார் மலிவாய் வாங்கி உண்டனர். அவர்களுள் எவரும் ஓர் இனத்தையே ஒழிக்க எண்ணவில்லை. ஆயினும் 1914 செப்டம்பர் முதல் நாள், சின்சினாட்டி உயிர்க்காட்சிச் சாலையில் அவ்வினத்தின் கடைசிப் பறவை மடிந்தது. நம் நாட்டிலும் சிவிங்கிப்புலி அற்றுப்போய்விட்டது என 1952இல் அறிவிக்கப்பட்டது. பின்னர் 2022இல் ஆப்பிரிக்காவிலிருந்து சில சிவிங்கிப்புலிகளைக் கொணர வேண்டியதாயிற்று.

காத்தவர்களின் வரலாறும் நம்மிடம் உண்டு. செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் மக்கள், ஏரியில் தங்கும் பறவைகளின் எச்சம் கலந்த நீர் தம் வயலுக்கு உரமாவதை உணர்ந்திருந்தனர். வெள்ளைச் சிப்பாய்கள் அப்பறவைகளைச் சுட்டபோது அவர்கள் முறையிட்டனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கலெக்டர் லயனல் பிளேஸ் அதற்குச் செவிசாய்த்துப் பாதுகாப்பு உரிமை வழங்கினார். நமக்கு அண்மையிலுள்ள வடலூரில் 1867இல் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிய இராமலிங்க அடிகளும் எவ்வுயிர்க்கும் இரங்குதலையே அறத்தின் அடிப்படையாகக் கொண்டார்.

மறைநூலின் வேட்டைச் சட்டம்

கிறிஸ்தவர்களாகிய நமக்கு இது அயலார் போதனையன்று. இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தில் பறவைக்கூட்டைப் பற்றிய கட்டளை ஒன்று உண்டு. குஞ்சுகளோடு தாய்ப்பறவை அமர்ந்திருக்கக் கண்டால் தாயைப் பிடிக்காது போகவிட வேண்டும் என்று அது பணிக்கிறது. இனம் அற்றுப்போகாதபடி அளவோடு நிற்கச் சொல்லும் வேட்டைச் சட்டம் அன்றோ அது! புனித அசிசி பிரான்சிசைச் சூழலியலின் பாதுகாவலராகத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979இல் அறிவித்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலில், நிலத்தின் ஓலத்தையும் ஏழையரின் ஓலத்தையும் ஒருங்கே கேட்க வேண்டும் என வற்புறுத்தினார். இந்த இரண்டாவது ஓலத்திற்கு நாம் செவிகொடுக்கிறோமா என்பதே இங்கு எழும் வினா.

தண்டனை யார் மீது விழுந்தது?

1972ஆம் ஆண்டுச் சட்டம் அரசர்களின் வேட்டைக் களியாட்டத்தை நிறுத்தியது, அது நன்றே. ஆனால் அதன் முழுச் சுமையும் இறங்கியது, பசிக்காக வேட்டையாடியவர்களின் தோள்மீது. குருவிக்காரர் எனவும் அழைக்கப்படும் நரிக்குறவ மக்கள் தலைமுறை தலைமுறையாய்க் கண்ணியையும் வலையையும் நம்பி வாழ்ந்தவர்கள். தொழில் ஒரே நாளில் குற்றமாயிற்று. மாற்றுத் தொழிலோ உடன் வரவில்லை. ஊசியும் பாசியும் விற்று அவர்கள் ஊர் ஊராய் அலைந்தனர். அவர்களுக்கென நலவாரியம் அமைந்தது 2008இல். பழங்குடியினர் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில். இடையில் கழிந்தவை ஐம்பது ஆண்டுகள்! வலைவிரித்தவன் பிடிபட்டுச் சிறை சென்ற நாள்களில், அவனிடம் விலைகொடுத்துச் சுவைத்தவன் தன் வீட்டில் அமைதியாய் உறங்கினான்.

வேறு வழி இல்லாமலில்லை என்பதற்கு இருளர் மக்களே சான்று. பாம்பு பிடித்துத் தோலுக்காக விற்று வாழ்ந்த அவர்களது பிழைப்பு, 1972ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், 1976இல் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையாலும் முடங்கியது. அப்போது ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால், 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இயங்கும் இச்சங்கத்தினர் அரசின் அனுமதி பெற்று, வரையறுக்கப்பட்ட அளவில் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் பிடிக்கின்றனர். சில வாரங்கள் வைத்து நஞ்செடுத்தபின் அவற்றை உயிரோடு விட்டுவிடுகின்றனர். அந்நஞ்சிலிருந்தே பாம்புக்கடிக்கான மருந்து தயாராகிறது. நம் நாட்டில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் இறந்தனர் என்பதை எண்ணினால் இப்பணியின் அருமை விளங்கும். இருளரான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர். பாம்பும் பிழைத்தது, பாம்பு பிடித்தவரும் பிழைத்தார், கடிபட்டவரும் பிழைத்தார். உயிரினத்திற்கும் ஏழைக்கும் ஒருங்கே நீதி செய்ய இயலும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

நாம் செய்யத்தக்கது

முதலாவது, வாங்காதிருப்போம். காடைக்கறி விரும்புவோர் பண்ணையில் வளர்க்கப்படும் ஜப்பானியக் காடையை வாங்கலாம், அதற்குத் தடையில்லை. வலையில் பிடித்த கௌதாரியும் காட்டுக்காடையும் முயலும் நம் சமையலறைக்கு வேண்டா. இரண்டாவது, வீட்டில் பச்சைக்கிளி இருப்பின் அதனை வனத்துறையினரிடம் ஒப்படைப்போம். நெடுநாள் கூண்டில் கிடந்த பறவையைத் திடீரெனத் திறந்து விட்டால் இரைதேட அறியாது மடியும். மூன்றாவது, வேட்டையைக் கைவிட்ட மக்களின் கைகளுக்கு வேலையும், அவர்தம் குழந்தைகளுக்குக் கல்வியும் கிடைக்கத் துணைநிற்போம். அவர்கள் கொணரும் மணிமாலையைப் பேரம் பேசாது வாங்குவதும், அவர்தம் பிள்ளைகள் நம் பள்ளிகளில் ஏளனத்திற்கு ஆளாகாமல் காப்பதும் அவ்வுதவியின் தொடக்கம். அன்பியக் கூட்டங்களில் இதனைப் பற்றிப் பேசுங்கள், பிள்ளைகளுக்கும் எடுத்துரையுங்கள்.

வலை விரிப்பவனைத் தடுக்கக் காவலர் வேண்டும். விலை கொடுப்பவனைத் தடுக்க அவனவன் மனச்சான்றே போதும். வாங்குவார் இல்லையேல் விற்பாரும் இல்லை. அந்தக் காவல் நம் இல்லங்களிலிருந்தே தொடங்கட்டும்.