வேலையை விட்டுட்டு படகுல வாழலாமா? 22 அடி பாய்மரப் படகின் பட்ஜெட்டைப் பிரிச்சுப் பார்க்கலாம்

அமெரிக்காவுல ஆன்சைட்ல இருக்குற நம்ம வாசகர்கள் கொஞ்ச நாளா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்ப கேக்குறாங்க. "சின்னதா ஒரு பாய்மரப் படகு, அதை இழுக்க ஒரு ட்ரெய்லர், ஆறு மாசம் அதுலயே தங்கிக்கிட்டு சுத்தப் போறேன். வாடகை மிச்சம்தானே?" இந்த "மிச்சம்தானே" இருக்கே, ஒரு சி.ஏ.வுக்கு அதைக் கேட்டா கை கால்குலேட்டரைத் தேடும். வாங்க, பார்த்துடுவோம்.

எந்தப் படகுன்னு முடிவு பண்ணாம கணக்கு போட முடியாது. அதனால கேட்டலினா 22-ஐ எடுத்துக்குறேன். 1969-ல உற்பத்தி ஆரம்பிச்சு, இதுவரைக்கும் 15,000-க்கு மேல வந்துருக்கு. நீளம் 21.5 அடி, அகலம் 8 அடிக்கும் கம்மி. அங்க முக்கிய நெடுஞ்சாலைகள்ல தனி அனுமதி இல்லாம 8.5 அடி அகலம் வரைக்கும் இழுத்துட்டுப் போகலாம், அதனால இது தாராளமா போகும். அடியில இருக்குற கனமான கீலை மேல தூக்கிட்டா இரண்டு அடி தண்ணி போதும், கீழ இறக்கினா ஐந்து அடி. பழைய படகுகள் நிறைய கைமாறுறதால சில ஆயிரம் டாலருக்கே கிடைக்கும். புதுசு வாங்கி முதல் வருஷத் தேய்மானத்தை நீங்க சுமக்க வேண்டிய அவசியமே இல்ல.

சரி, கணக்குக்கு வருவோம். கீழ வர்றது நான் வச்சுக்கிட்ட உதாரணத் தொகைகள்தான். உங்க ஊர் விலையைப் போட்டு மாத்திக்கோங்க.

படகும் ட்ரெய்லரும் சேர்ந்து 5,000 டாலர். இதுதான் விளம்பரத்துல இருக்குற நம்பர். இப்போ ட்ரெய்லர் டயரும் சக்கர பேரிங்கும் 600. பாய்மரத்தைப் பிடிச்சு நிறுத்துற கம்பிகள், பாயை ஏத்தி இறக்குற கயிறுகள் 900. ஒரு நல்ல பாய் 1,000. பின்னாடி மாட்டுற சின்ன எஞ்சின் 1,500. பேட்டரி, சோலார் பேனல், விளக்கு 700. நங்கூரம், சங்கிலி, லைஃப் ஜாக்கெட், ரேடியோ 600. ஸ்டவ், மெத்தை, போர்ட்டபிள் டாய்லெட் 300. இன்ஷூரன்ஸ், பதிவுக் கட்டணம் 400. கூட்டினா இது மட்டுமே 6,000. ஆக 5,000 டாலர் படகு தண்ணியில இறங்கும்போது 11,000 டாலர். சி.டி.சி.யைப் பார்த்து சந்தோஷப்பட்டு, கைக்கு வர்ற சம்பளத்தைப் பார்த்து முழிக்கிறோமே, அதே கதைதான், தலைகீழா!

இதுல பேரிங்குக்கு ஏன் காசுன்னு யோசிக்காதீங்க. படகை இறக்குற ஒவ்வொரு தடவையும் ட்ரெய்லர் சக்கரம் உப்புத் தண்ணியில முங்குது. கிரீஸ் போச்சுன்னா ஓடுற ஓட்டத்துல சூடாகி, நெடுஞ்சாலை நடுவுலயே சக்கரம் கழண்டு போகலாம். டயரும் அப்படித்தான். பார்க்க புதுசு மாதிரி பட்டன் எல்லாம் இருக்கும், ஆனா வயசாகியிருக்கும். பக்கவாட்டுல தயாரிச்ச வாரமும் வருஷமும் அச்சாகியிருக்கும், அதைப் பாருங்க.

அடுத்தது, நிறைய பேர் கோட்டை விடுற இடம்: எடை.

படகு ஏறத்தாழ 1,020 கிலோ. ட்ரெய்லர் 400-ன்னு வைங்க. மொத்தம் 1,420. "என் கார் 3,500 பவுண்டு இழுக்கும், அதாவது 1,588 கிலோ, அப்புறம் என்ன?"ன்னு கேப்பீங்க. இருங்க. எஞ்சின் 27 கிலோ. இரண்டு பேருக்கு ஆளுக்கு நாளைக்கு நாலு லிட்டர் குடிக்க, சமைக்கன்னு ஒரு வாரத்துக்கு 56 லிட்டர் தண்ணி, அது 56 கிலோ. பெட்ரோல் 20, பேட்டரி 25, நங்கூரமும் சங்கிலியும் 20, சாப்பாடு, துணி, டூல்ஸ் 100. எல்லாம் சேர்த்தா 1,668 கிலோ. கார் தாண்டிருச்சு. தாண்டினா இழுக்குமா? சமதரையில இழுக்கும். இறக்கத்துல நிக்குமாங்கிறதுதான் கேள்வி. தண்ணி டேங்கைக் காலியா வச்சு, போய்ச் சேர்ந்த இடத்துல ரொப்பிக்கிறது ஒரு வழி. ஆனாலும் விளிம்புலதான் நிக்கிறீங்க. பெரிய வண்டி வாங்கணும்னா அதோட இ.எம்.ஐ.தான் உங்க உண்மையான படகுச் செலவு. அதை யாரும் படகு பட்ஜெட்ல எழுதுறதில்ல.

இதனாலதான் மெக்ரெகர் 26 மாதிரி படகுகள் வந்துச்சு. அதுல சமநிலைக்கு வேண்டிய எடையே தண்ணிதான். ஏரியில இறக்கினதும் ரொப்பிக்கலாம், ட்ரெய்லர்ல ஏத்தும்போது வடிச்சிடலாம். 26 அடி படகு, ஆனா ரோட்டுல ஆயிரம் பவுண்டுக்கு மேல கம்மி.

மின்சாரம்? இதை சம்பளக் கணக்கு மாதிரியே போடுங்க. பேனல் உங்க சம்பளம், பேட்டரி உங்க சேமிப்பு. நல்ல வெயில்ல 100 வாட் பேனல் நாளைக்குச் சுமார் 30 ஆம்பியர்-ஹவர் தரும். விளக்கு, போன், ரேடியோ, ஒரு சின்ன ஃபேனுக்கு 20 போகும். கையில 10 மிச்சம். ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் மாட்டினீங்க, அது மட்டுமே 30 கேக்கும். மூணு நாள் மழை பெஞ்சா சம்பளமும் இல்ல. இன்னொரு விஷயம், 100 ஆம்பியர்-ஹவர் சாதா லெட்-ஆசிட் பேட்டரியில பாதியைத்தான் எடுக்கணும். முழுசா காலி பண்ணிப் பண்ணி சார்ஜ் ஏத்தினா சீக்கிரமே செத்துடும். என்னைக் கேட்டா முதல் சீசன்ல ஃப்ரிட்ஜே வேண்டாம், ஐஸ் பெட்டி போதும்.

மாசச் செலவுல எல்லாத்தையும் தீர்மானிக்கிறது ஒரே விஷயம்தான்: ராத்திரி எங்க தூங்குறீங்க? நங்கூரம் போட்டுத் தங்க அனுமதி இருக்குற இடத்துல பெரும்பாலும் காசே இல்ல. மரினாவுல அடிக்கு இவ்வளவுன்னு வாங்குவாங்க. அடிக்கு 2 டாலர்னு வச்சாலே 22 அடிக்கு ஒரு ராத்திரி 44. மாசம் நாலு ராத்திரி, குளிச்சு துணி துவைக்க மட்டும்னா 176. முப்பது ராத்திரியும்னா 1,320. "வாடகை மிச்சம்"ங்கிற பேச்சு அங்கயே முடிஞ்சுது. கழிவறைச் செலவையும் சேர்த்துக்கோங்க. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள்ள சுத்திகரிக்காத கழிவைக் கொட்டுறது அங்க குற்றம், ஃப்ளோரிடா கீஸ் பக்கம் விதி இன்னும் கறார். பெட்டியைத் தூக்கிட்டுக் கரைக்கு வரணும். வீடியோவுல இதையெல்லாம் காட்ட மாட்டாங்க!

அப்புறம் ட்ரெய்லர்ல என்னதான் லாபம்? இங்கதான் எனக்கு இந்த ஐடியா பிடிக்குது. நார்ஃபோக்ல இருந்து மயாமி வரைக்கும் உள்நாட்டு நீர்வழி சுமார் 1,090 மைல். மணிக்கு 5 மைல், நாளைக்கு ஆறு மணி நேரம்னா 36 நாள், ஓய்வும் மோசமான வானிலையும் சேர்த்தா ரெண்டு மாசம். ரோட்டுல இழுத்துட்டுப் போனா ரெண்டு நாள். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரைக்கும் அட்லாண்டிக் புயல் சீசன். பெரிய படகு வச்சிருக்கறவர் கயித்தைக் கட்டிட்டு சாமியைக் கும்பிடுவார். நீங்க படகை ஏத்திட்டு உள்நாட்டுக்கு ஓட்டிட்டுப் போயிடலாம். நம்ம பாஷையில சொன்னா, லிக்விடிட்டி. ஆனா இன்ஷூரன்ஸ் பாலிசியை முழுசா படிங்க. எந்தக் கடற்பகுதி வரை போகலாம், புயல் சீசன்ல எங்க நிறுத்தணும்னு நிறைய பாலிசிகள்ல நிபந்தனை இருக்கும். அதை மீறினா கிளெய்ம் போச்சு.

வேலையை விடுறதுக்கு முன்னாடி ஒருத்தரைத் தெரிஞ்சுக்கோங்க. ராபர்ட் மேன்ரி, கிளீவ்லாந்து நாளிதழ் ஒண்ணுல காப்பி எடிட்டர், நம்மள மாதிரி மாசச் சம்பளக்காரர். 13.5 அடி பழைய மரப் படகை 160 டாலருக்கு வாங்கினார். அவரே ரிப்பேர் பண்ணி, கேபின் கட்டி, வருஷக்கணக்கா ஏரிகள்ல ஓட்டிப் பழகினார். 1965-ல ஆபீஸ்ல லீவு போட்டுட்டு அதே படகுல தனியா 78 நாள்ல அட்லாண்டிக்கைக் கடந்து இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். நீங்க அட்லாண்டிக் எல்லாம் போக வேண்டாம். ஆனா கவனிங்க, அவர் கிளம்பினப்போ ராஜினாமா பண்ணல, லீவு போட்டார்.

ஹெச்-1பி-ல இருக்குறவங்களுக்கு இது இன்னும் முக்கியம். வேலை போன பிறகு அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். ஆறு மாசப் படகுப் பயணம் அதுக்குள்ள அடங்காது. அதனால உங்களுக்கு வழி, சேர்த்து வச்ச லீவுல இரண்டு வாரம். கிரீன் கார்டோ குடியுரிமையோ இருக்குறவங்க நீண்ட பயணம் யோசிக்கலாம். ஆனா பேங்குக்கும் இன்ஷூரன்ஸுக்கும் ஒரு நிரந்தர முகவரி வேணும். எந்த மாநிலத்துக்கு மாறுறீங்கங்கிறதுல வரியும் இருக்கு. ஃப்ளோரிடா, டெக்ஸாஸ், சவுத் டகோட்டாவுல மாநில வருமான வரி கிடையாது. பழைய மாநிலம் உங்களை அவ்வளவு சீக்கிரம் விட்டுடாது, அதுக்கு ஆதாரங்களைச் சேர்த்து வைங்க.

கைவசம் எவ்வளவு இருக்கணும்? என் கணக்கு: படகுக்கான 11,000 தனி. ஆறு மாசச் செலவு தனி. திரும்பி வந்து வேலை தேட ஆறு மாசச் செலவு தனி. ஹெல்த் இன்ஷூரன்ஸ் பிரீமியம் தனி. நாலையும் ஒரே அக்கவுண்ட்ல போட்டா முதல் எஞ்சின் ரிப்பேர்லயே எல்லாம் கலந்துடும். கிரெடிட் கார்டுல படகு வாங்குற யோசனை இருந்தா, இந்தப் பக்கத்தை மூடிட்டு ஒரு வாரம் கழிச்சு வாங்க.

பணம் ரெடியானதும் நேரா கடலுக்குப் போகாதீங்க. படகை வீட்டு வாசல்ல நிறுத்தி, மேல ஏறி இரண்டு ராத்திரி தூங்கிப் பாருங்க, அங்கயே சமைங்க. நிமிர்ந்து நிக்க முடியாத இடத்துல ரெண்டு பேர் எவ்வளவு நேரம் சண்டை போடாம இருக்க முடியும்னு இலவசமா தெரிஞ்சுடும். பாய்மரத்தை நிறுத்தி இறக்கிப் பழகுங்க. நிறுத்துறதுக்கு முன்னாடி மேல மின்கம்பி இருக்கான்னு கட்டாயம் பாருங்க. அலுமினியப் பாய்மரம் மின்கம்பியில பட்டா உயிர் போயிடும். அப்புறம் பக்கத்து ஏரியில ஒரு வார இறுதி, அதுக்கப்புறம்தான் இரண்டு வாரம்.

விக்கும்போது என்ன ஆகும்? பழைய படகோட விலை ஏற்கனவே கீழ வந்து நிக்குது, அதனால 5,000-ல பெரும்பகுதி திரும்பக் கிடைக்க வாய்ப்பு இருக்கு. மேல போட்ட 6,000 பெரும்பாலும் திரும்பாது. அதை உங்க பயணச் செலவாவே எழுதிடுங்க. பல மாநிலங்கள்ல படகுக்கும் ட்ரெய்லருக்கும் தனித்தனிப் பதிவு. வாங்கும்போதே ரெண்டு பேப்பரும் விக்கிறவர் பேர்ல இருக்கான்னு பாருங்க. ட்ரெய்லர் பேப்பர் இல்லாத படகை ரோட்டுல ஏத்தவே உங்களுக்குத் தலைவலி, விக்கவும் தலைவலி.

இந்தக் கணக்கோட எக்செல் ஷீட்டை வச்சு அடுத்த வீடியோ போடுறேன். உங்க கார் மாடலும் அதோட இழுவைத் திறனும் கமெண்ட்ல போடுங்க, ரெண்டு மூணு பேரோட எடைக் கணக்கை அதுலயே போட்டுக் காட்டுறேன்.