வார்: குழப்பத்துக்கு வைத்த பெயர்

இங்கிலாந்தின் பீட்டர்பரோ மடத்தில் துறவிகள் ஆண்டுவாரியாக ஒரு வரலாற்றுக் குறிப்பேடு எழுதிவந்தார்கள். அதில் 1140-ஆம் ஆண்டுக்கான பகுதி இரத்தம் தோய்ந்தது. அரியணைக்காக ஸ்டீஃபன் மன்னரும் அவருடைய மாமன் மகள் மட்டில்டாவும் மோதிக்கொண்டிருந்த காலம் அது. பிரபுக்கள் ஆளுக்கொரு கோட்டை கட்டி ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். ஊர்கள் எரிந்தன, உழவு நின்றது, பஞ்சம் வந்தது. செஸ்டர் பிரபு ரானுல்ஃபுக்கும் மன்னருக்கும் மூண்ட பகையை எழுத வந்த துறவி ‘வெர்ரே’ என்று எழுதினார். இன்று உலகமெங்கும் செய்தித் தலைப்புகளில் நிற்கும் ‘வார்’ ஆங்கில எழுத்தில் தென்படும் மிகப் பழைய இடங்களில் இது ஒன்று.

துறவியின் மொழியில் போருக்குச் சொல் இல்லாமல் இல்லை. ஹில்ட், வீக் என்று பழைய ஆங்கிலத்தில் பல இருந்தன. வீரகாவியங்கள் முழுக்க அவைதாம். அவையெல்லாம் வழக்கொழிந்து, இன்று ஆட்பெயர்களில் மட்டும் ஒளிந்திருக்கின்றன. ஹில்டா என்றால் போர். அந்த மட்டில்டாவின் பெயருக்கே ‘போரில் வலியவள்’ என்றுதான் பொருள்.

புதிய சொல்லைக் கொண்டுவந்தவர்கள் 1066-இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மன்கள். அவர்கள் பேசியது வடபிரான்ஸின் பிரெஞ்சு. ஆனால் சொல்லின் வேர் பிரெஞ்சும் அல்ல, லத்தீனும் அல்ல. ஃபிராங்குகள் என்ற ஜெர்மானிய இனத்தாரின் பேச்சில் இருந்தது. அங்கே ‘வெர்ரா’ என்றால் குழப்பம், கலகம், சச்சரவு. இன்றைய ஜெர்மன் மொழியில் குழப்புவதைக் குறிக்கும் ‘ஃபெர்விரன்’ இதே குடும்பம். ‘இன்னும் மோசம்’ என்ற பொருளில் நாம் கேட்கும் ‘வொர்ஸ்’ஸும் இதற்கு உறவு என்று சொல்லாய்வாளர் பலர் கருதுகிறார்கள். வீரம், வெற்றி, படை என்ற எதுவும் அந்த வேரில் கிடையாது. எல்லாம் ஒன்றோடொன்று கலைந்து கிடக்கும் நிலைதான் இருக்கிறது. எரிந்த ஊர்களின் நடுவே இருந்த துறவிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் அகப்பட்டிருக்காது.

லத்தீனில் போருக்கு ‘பெல்லும்’ என்று பெயர். இத்தனை போர் நடத்திய ரோமானியர்களின் வாரிசு மொழிகள் அதைக் கைவிட்டது ஏன்? ‘பெல்லுஸ்’ என்றால் அழகு. பேச்சுவழக்கில் இரண்டும் ஒலியில் நெருங்கிப் போனதால் போருக்கு வேறு சொல் தேவைப்பட்டது என்பது பரவலான விளக்கம். ரோமப் படையில் ஜெர்மானியச் சிப்பாய்கள் நிறைந்திருந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பாளையத்தில் சிப்பாய் பேசும் சொல்தான் அங்கே நிலைக்கும். பெல்லும் முற்றிலும் சாகவில்லை. கிளர்ச்சியாளரைக் குறிக்கும் ‘ரெபெல்’லில், மீண்டும் போர் தொடுப்பவர் என்ற பொருளில் அது உயிரோடு இருக்கிறது.

வடபிரான்ஸில் ‘வ’ என்று தொடங்கிய ஜெர்மானியச் சொற்கள் பாரிஸ் பக்கம் போனபோது ‘க’ என்று மாறின. அதனால் அங்கே ‘கெர்’, இத்தாலியிலும் ஸ்பெயினிலும் ‘குவெர்ரா’, ‘கெர்ரா’. ஆங்கிலம் இரண்டு வட்டாரங்களிலிருந்தும் கடன் வாங்கியது. மிக்ஸி வாங்கும்போது வாரண்டியா கியாரண்டியா என்று கேட்கிறோமே, இரண்டும் ஒரே சொல். விடுதி வார்டனும் படிவத்தில் கையெழுத்திடும் கார்டியனும் அப்படியே. வில்லியம் பிரான்ஸில் கியோம் ஆவதும் இதனால்தான். 1808-இல் நெப்போலியனின் படை ஸ்பெயினுக்குள் புகுந்தபோது, விவசாயிகளும் மலைவாசிகளும் சிறு குழுக்களாகப் பாய்ந்து தாக்கி மறைந்தார்கள். அது ‘கெரில்லா’, சின்னப் போர். தமிழில் பலர் ‘கொரில்லாப் போர்’ என்று எழுதிவிடுகிறோம். மனிதக் குரங்குக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

சொல்லின் பிற்கால வாழ்க்கைதான் எனக்கு அதிகம் கவலை தருவது. 1928-இல் பாரிஸில் கையெழுத்தான கெல்லாக்–பிரியாண்ட் உடன்படிக்கையில் நாடுகள் போரைக் கைவிடுவதாக உறுதியளித்தன. ஜப்பானும் கையெழுத்திட்டது. மூன்றே ஆண்டுகளில் மஞ்சூரியாவைப் பிடித்தது. அதை ‘சம்பவம்’ என்றது. 1937-இல் சீனாவின் பெருநகரங்களைத் தாக்கியபோதும் ‘சீனச் சம்பவம்’தான். சீனாவும் 1941 டிசம்பர் வரை முறைப்படி போர் அறிவிக்கவில்லை. போர் என்று ஒப்புக்கொண்டால் அமெரிக்காவின் நடுநிலைச் சட்டங்கள் இரு நாடுகளுக்கும் ஆயுத விற்பனையைத் தடுத்திருக்கும். 1950-இல் கொரியாவுக்குப் படை அனுப்பிய அமெரிக்க அதிபர் ட்ரூமன், ஒரு நிருபர் எடுத்துக்கொடுத்த ‘போலீஸ் நடவடிக்கை’ என்ற பெயரை ஏற்றுக்கொண்டார். அதில் 36,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் மாண்டார்கள்; கொரியர்களின் சாவு அதைப்போலப் பல மடங்கு.

மறுபுறம், பிணம் விழாத இடங்களுக்கு இந்தச் சொல் தாராளமாகக் கிடைத்தது. 1964-இல் அமெரிக்க அதிபர் ஜான்சன் வறுமையின் மீது போர் தொடுத்தார். அடுத்த பத்தாண்டில் போதைப்பொருள் மீது போர் வந்தது.

போரைப் போர் என்று சொல்லாத இந்த ஒளிந்துபிடி விளையாட்டுக்குச் சட்டம் கண்ட பதில் 1949-இன் ஜெனீவா ஒப்பந்தங்கள். நாடுகள் போரை அறிவித்தனவா, ஒப்புக்கொண்டனவா என்று பார்க்க வேண்டாம். ஆயுத மோதல் நடந்தால் விதிகள் பொருந்தும் என்றது இரண்டாவது பிரிவு. ஒரே நாட்டுக்குள் நடக்கும் மோதலிலும் ஆயுதம் ஏந்தாதவரைக் காக்க வேண்டும் என்றது மூன்றாவது பிரிவு. கடந்த நூற்றாண்டில் எழுதப்பட்ட மிக நல்ல சட்ட வரிகளில் இவையும் அடங்கும் என்று நான் நம்புகிறேன். 2009-இல் இலங்கையின் வன்னியில் நடந்த இறுதிப் போரை அந்நாட்டு அரசு ‘மனிதாபிமான நடவடிக்கை’ என்று அழைத்தது. கடைசி மாதங்களில் பொதுமக்கள் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்ற மதிப்பீடுகளை ஐ.நா. பொதுச் செயலரின் நிபுணர் குழு 2011-இல் பதிவு செய்தது. அரசு வைத்த பெயரை அந்தக் குழு பொருட்படுத்தவில்லை. ஆயுத மோதலுக்கான சட்டத்தைக் கொண்டே நடந்தவற்றை எடைபோட்டது.

சட்டம் சொல்லைத் தாண்டிவிட்டாலும், சொன்னவர்கள் இன்னும் தண்டிக்கப்படுகிறார்கள். உக்ரைனில் ரஷ்யா நடத்துவது அதன் அரசுமொழியில் ‘சிறப்பு ராணுவ நடவடிக்கை’. 2022 மார்ச்சில் மாஸ்கோவின் ஒரு வட்டார மன்றத்தில் சிறுவர் ஓவியப் போட்டி பற்றிப் பேச்சு வந்தது. உக்ரைனில் குழந்தைகள் செத்துக்கொண்டிருக்கும்போது இங்கே போட்டியா என்று கேட்டார் உறுப்பினர் அலெக்ஸேய் கோரினோவ். நடப்பதைப் போர் என்றே சொன்னார். ஜூலையில் ஏழாண்டுச் சிறை விதித்தார்கள். இந்தப் போர் உங்களுக்கு இன்னும் தேவையா என்று எழுதிய தாளைக் குற்றவாளிக் கூண்டிலிருந்தும் அவர் உயர்த்திக் காட்டினார்.

பிரான்ஸ் அல்ஜீரியாவில் 1954 முதல் 1962 வரை போரிட்டது. அரசுப் பதிவேடுகளில் அது ‘வட ஆப்பிரிக்காவில் மேற்கொள்ளப்பட்ட நடவடிக்கைகள்’. நாடாளுமன்றம் 1999 அக்டோபரில் ஒரு சட்டம் இயற்றித்தான் அந்தத் தொடரை நீக்கி, ‘அல்ஜீரியப் போர்’ என்று எழுதவைத்தது. அதற்குள் 37 ஆண்டுகள் ஓடியிருந்தன.