வாக்மேன் மீண்டும் பேசுமா?

1990-ல் ஊரிலிருந்து அப்பாவுக்கு ஒரு கேசட் வந்தது. எழுதத் தெரியாத பாட்டி, பக்கத்து வீட்டு டேப்ரிக்கார்டரில் பேசி அனுப்பியது. பாட்டி இன்று இல்லை. சென்ற ஆண்டு வீடு மாறியபோது அந்தக் கேசட்டும் அப்பாவின் சோனி வாக்மேனும் ஒரே பெட்டியில் கிடைத்தன. பொத்தானை அழுத்தினால் சத்தமே இல்லை. பேட்டரி செத்துப் பல காலம் ஆகியிருந்தது.

வேறு பேட்டரி வாங்கிப் போட்டால் போயிற்று என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தக் கால மெல்லிய வாக்மேன்களில் இருப்பது சூயிங்கம் பட்டை போன்ற தட்டையான பேட்டரி. சுமார் 67 மில்லிமீட்டர் நீளம், 17 அகலம், 6 தடிமன். ஜப்பானில் அதற்குப் பெயரே ‘கம்’ பேட்டரிதான். (1992 முதல் சூயிங்கம் விற்பனைக்குத் தடை உள்ள ஊரில் இதைத் தேடி அலைந்தேன்!) உள்ளே இருப்பது நிக்கல்-காட்மியம்; மின்னழுத்தம் 1.2 வோல்ட், கொள்ளளவு 600 மில்லி ஆம்பியர்-மணி அளவில்.

முதலில் போன கடையில், ஏறக்குறைய அதே அளவுள்ள ஒரு லித்தியம் பேட்டரியை நீட்டினார்கள். நல்ல வேளை, வாங்கவில்லை. லித்தியம்-அயனி பேட்டரியின் மின்னழுத்தம் 3.7 வோல்ட், முழுதாக ஏற்றினால் 4.2. 1.2 வோல்ட்டுக்கு வடிவமைத்த சுற்று அதைத் தாங்காது. சார்ஜரை மாற்றிப் போட்டாலோ ஆபத்து இன்னும் பெரிது. லித்தியத்துக்கு மின்னழுத்தத்தைத் துல்லியமாகக் கட்டுப்படுத்தும் சார்ஜர் வேண்டும், இல்லையேல் தீப்பற்றலாம்.

சரியான மாற்று, நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. இதுவும் 1.2 வோல்ட்தான். சோனியே பின்னாளில் 1400 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட இவ்வகை கம் பேட்டரியை வெளியிட்டது. இப்போது கிடைப்பவை பிற நிறுவனங்களின் தயாரிப்புகள். உறையில் 2000-க்கு மேல் அச்சிட்டிருந்தால் நான் நம்ப மாட்டேன்.

ஆனால் பழைய சார்ஜர் விஷயத்தில் கவனம் தேவை. நிக்கல்-காட்மியம் நிரம்பியதும் அதன் மின்னழுத்தம் சற்றே இறங்கும். அதைக் கண்டு சில சார்ஜர்கள் நின்றுவிடும். மெட்டல் ஹைட்ரைடில் அந்த இறக்கம் மிகச் சிறியது. சார்ஜர் அதைக் கவனிக்கத் தவறினால் பேட்டரி சூடாகிக்கொண்டே போகும். நேரம் பார்த்து நிற்கும் சார்ஜரில் வேறு கதை: 600-க்குக் கணக்கிட்ட நேரத்தில் 1400 பாதிகூட நிரம்பாது. அதில் ஆபத்து இல்லை, பாட்டுதான் சீக்கிரம் நின்றுவிடும். இரு வகைக்கும் ஏற்ற சார்ஜர் வாங்குவதே நல்லது.

தேக்காவிலிருந்து நடக்கும் தூரத்தில், ஜாலான் புசாரில் சிம் லிம் டவர் இருக்கிறது. மின்னணு உதிரிப் பாகங்களுக்கு இன்றும் அதுதான் இடம். எதிர்ப்புறச் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு மூடப்பட்டது. இருந்திருந்தால் அங்கேதான் முதலில் போயிருப்பேன். பல வாக்மேன்களோடு வெளியே திருகிக்கொள்ளும் ஒரு சிறு பெட்டியும் வரும். அதில் சாதாரண ஏஏ பேட்டரி ஒன்றைப் போடலாம். எங்கள் பெட்டியின் அடியில் அதுவும் கிடந்தது!

பழைய பேட்டரி கசிந்திருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அரிக்கும் காரம். கையுறை அணிந்து, பஞ்சில் சில துளி வினிகர் தொட்டுத் துடைத்துவிட்டு, பின்னர் ஆல்கஹாலால் துடையுங்கள். காட்மியம் நச்சு; அந்தப் பேட்டரி குப்பைத் தொட்டிக்குப் போகக்கூடாது. 2021 ஜூலையில் தொடங்கிய மின்கழிவுத் திட்டத்தின் சேகரிப்புத் தொட்டிகளில் போடலாம்.

மின்சாரம் வந்தவுடன் அவசரப்பட்டு அருமையான கேசட்டைப் போட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் இளகியிருந்தால் நாடா சிக்கிக்கொள்ளும். நான் முதலில் ஓடவிட்டது ஒரு பழைய சினிமாப் பாட்டுக் கேசட். பாடகர் தூக்கத்தில் பாடுவதுபோல் இழுத்தார். பெல்ட்டையும் மாற்றிய பிறகே பாட்டியின் கேசட் உள்ளே போனது. வாக்மேனின் ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு வயர் கொடுத்து, முதல் முறை ஓடும்போதே பதிவு செய்துகொண்டோம்.

பதிவின் முதல் அரை நிமிடத்தில் பேச்சே இல்லை. கோழி கூவுகிறது. பிறகு பாட்டி யாரையோ கேட்கிறார்: “இப்பப் பேசலாமா?”