போர் நடக்கும் ஊரில் ரத்த நோயைக் கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்?

மூணு நாளாகக் காய்ச்சல் விடவில்லை என்றால் நாம் என்ன செய்வோம்? பக்கத்துத் தெரு லேபில் போய் ரத்தம் கொடுப்போம். சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்துவிடும். பிளேட்லெட் குறைவாக இருக்கிறது, வெள்ளை அணுக்கள் எக்கச்சக்கமாக இருக்கின்றன என்று பார்த்ததும் டாக்டரிடம் ஓடுவோம்.

அதே காய்ச்சல், குண்டுவீச்சுக்குப் பயந்து கட்டடத்தின் அடித்தளத்தில் பதுங்கியிருக்கும் ஒரு குழந்தைக்கு வந்தால்?

போரில் சாகிறவர்கள் என்றால் குண்டடி பட்டவர்கள்தான் நம் நினைவுக்கு வருவார்கள். ஆனால் லுக்கேமியா, தலசீமியா, ஹீமோஃபிலியா போன்ற ரத்த நோய்கள் போர் வந்துவிட்டது என்பதற்காக யாரையும் விட்டுவிடுவதில்லை. நோய் எப்போதும்போல வருகிறது. அது என்ன நோய் என்று சொல்லத்தான் ஆளும் வழியும் இல்லாமல் போகிறது. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் மிக அதிகமாகக் காணப்படுவது அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கேமியா. வசதியுள்ள நாடுகளில் இந்த நோய் வரும் பத்துக் குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். சரியான நேரத்தில் நோயைக் கண்டுபிடித்து, சிகிச்சையை விடாமல் தொடர்ந்தால்தான் இது நடக்கும்.

அறிகுறியே ஆளை ஏமாற்றும்

முதல் சிக்கல் இங்கேதான். ரத்தப்புற்றின் அறிகுறிகள் என்னென்ன? உடம்பு வெளுப்பது, விடாத காய்ச்சல், காரணமில்லாமல் உடம்பில் நீலம் பாய்வது, ஈறில் ரத்தம், கால் எலும்பில் வலி.

இப்போது இதையே போர்ச்சூழலில் வைத்துப் பாருங்கள். சரியான சாப்பாடு இல்லாத குழந்தை வெளுத்துத்தான் இருக்கும். நெரிசலான முகாமில் காய்ச்சல் சாதாரணம். இருட்டில் ஓடி விழுந்தால் உடம்பில் நீலம் பாயும். குளிர்ந்த தரையில் படுத்தால் கால் வலிக்கும். காயமும் தொற்றும் உள்ளவருக்கு வெள்ளை அணுக்கள் கூடும். நிறைய ரத்தம் இழந்தவருக்குப் பிளேட்லெட் குறையும்.

ஆக, ஒவ்வொரு அறிகுறிக்கும் கைவசம் ஒரு காரணம் ரெடியாக இருக்கிறது. நூறு காயம்பட்டவர்கள் வாசலில் காத்திருக்கும்போது, வெளிறிப்போன ஒரு குழந்தையைப் பார்த்து “இதுக்குப் பின்னால வேற ஏதாவது இருக்குமோ?” என்று யோசிக்க டாக்டருக்கு நேரம் இருக்காது.

ஒரு ரிப்போர்ட்டுக்குப் பின்னால் ஒரு சங்கிலி

சரி, டாக்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து?

ரத்த அணுக்களை எண்ணும் சி.பி.சி. டெஸ்ட் முதல் படிதான். மெஷினுக்கு மின்சாரமும் அதற்கான ரசாயனங்களும் வேண்டும். அதில் சந்தேகம் உறுதிப்பட்டால் இடுப்பு எலும்பிலிருந்து மஜ்ஜை எடுக்க வேண்டும். பிறகு ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற பரிசோதனை. அணுக்கள் ஒவ்வொன்றாக லேசர் ஒளியைக் கடந்து போகும். அவற்றின் மேல் ஒட்டியிருக்கும் அடையாளங்களை வைத்து இது எந்த வகை லுக்கேமியா என்று பிரிப்பார்கள். கூடவே குரோமோசோம் பரிசோதனை, மரபணுப் பரிசோதனை. எந்த மருந்து, எவ்வளவு தீவிரமாகக் கொடுப்பது என்பதெல்லாம் இவற்றைப் பொறுத்துத்தான் முடிவாகும்.

ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு மாதிரி பொதுவாக ஓரிரண்டு நாளுக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கான ரசாயனங்கள் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். குரோமோசோம் பரிசோதனைக்கோ அணுக்கள் உயிரோடு வந்து சேர வேண்டும். மின்சாரம், குளிர்பதனம், சாலை, கூரியர், மெஷின், அதை இயக்கத் தெரிந்தவர், ரிசல்ட்டைப் படிக்கத் தெரிந்தவர் என்று ஒரு நீண்ட சங்கிலி இது. ஏதாவது ஒரு கண்ணி அறுந்தாலும் ரிப்போர்ட் வராது.

அவசரத்தில் அழிந்துபோகும் தடயம்

இன்னொரு சிக்கல் நல்லெண்ணத்தில் நடப்பது. ரத்தம் ரொம்பக் குறைந்துபோன குழந்தைக்கு உடனே ரத்தம் ஏற்றுவார்கள். உயிரைக் காப்பாற்ற வேறு வழியில்லை. ஆனால் அதற்குப் பிறகு எடுக்கும் மாதிரியில் குழந்தையின் ரத்தத்தோடு தானம் கொடுத்தவரின் ரத்தமும் கலந்திருக்கும். தலசீமியாவைக் கண்டுபிடிக்க ஹீமோகுளோபினின் வகைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கலந்த ரத்தத்தில் அந்தக் கணக்கு குழம்பிவிடும்.

ஸ்டீராய்டு விஷயமும் இப்படித்தான். என்ன நோய் என்று தெரியாமலே ஸ்டீராய்டு கொடுத்தால் லுக்கேமியா அணுக்கள் தற்காலிகமாகக் குறைந்து, காய்ச்சலும் வலியும் அடங்கும். குழந்தை தேறிவிட்டதாகத் தோன்றும். மஜ்ஜை எடுத்துப் பார்த்தாலும் நோய் பிடிபடாமல் போகலாம். சில வாரங்கள் கழித்து அது திரும்ப வரும்போது சிகிச்சையும் கடினமாகியிருக்கும்.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. ரத்தம் ஏற்றும் முன்பும் ஸ்டீராய்டு போடும் முன்பும் ஒரு குழாயில் ரத்தம், கண்ணாடித் துண்டில் ஒரு ரத்தப் பூச்சு எடுத்து வைத்துவிட வேண்டும். இரண்டு நிமிட வேலைதான்.

உக்ரைனில் என்ன நடந்தது?

2022 பிப்ரவரி 24-ம் தேதி ரஷ்யா முழு அளவில் படையெடுத்தபோது, உக்ரைனின் மருத்துவமனைகளில் ஏராளமான குழந்தைகள் புற்றுநோய்க்கும் ரத்த நோய்க்கும் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார்கள். வெள்ளை அணுக்கள் குறைந்து, சின்னத் தொற்றுகூட உயிருக்கு ஆபத்தாகும் நிலையில் இருந்த குழந்தைகளையும் அடித்தளங்களுக்கு மாற்ற வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனை, உக்ரைனின் டேப்லெட்டோச்கி, போலந்தின் ஹெரோசி ஆகிய தொண்டு அமைப்புகள், ஐரோப்பிய மருத்துவர்கள் எல்லாரும் சேர்ந்து ‘சேஃபர் உக்ரைன்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் குழந்தைகள் மேற்கே உள்ள லிவிவ் நகரத்துக்கு வந்தார்கள். அங்கிருந்து எல்லை தாண்டி போலந்து. அங்கே போஹெனியட்ஸ் என்ற ஊரில் ஒரு ஹோட்டலையே ‘யூனிகார்ன்’ என்ற தற்காலிக மருத்துவ மையமாக மாற்றியிருந்தார்கள். அங்கே பரிசோதித்து, யார் எந்த நாட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்பினார்கள். சில மாதங்களிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இப்படி வெளியேறினார்கள்.

இதில் வண்டிக்கும் படுக்கைக்கும் சமமான இன்னொரு பெரிய தேவை காகிதம். குழந்தைக்கு என்ன வகை லுக்கேமியா? எத்தனை சுற்று கீமோ முடிந்திருக்கிறது? கடைசி மஜ்ஜை ரிப்போர்ட் என்ன? எல்லாம் உக்ரேனிய மொழியில், சில சமயம் கையெழுத்தில். தன்னார்வலர்கள் ராப்பகலாக உட்கார்ந்து மொழிபெயர்த்தார்கள். ரிப்போர்ட் இல்லாமல் போய்ச் சேரும் குழந்தைக்கு எல்லாப் பரிசோதனைகளையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சிகிச்சை பாதியில் இருக்கும்போது மஜ்ஜையில் நோயே தெரியாமலும் இருக்கலாம் என்பதால், பழைய ரிப்போர்ட்டுக்கு மாற்றே கிடையாது.

2022 அக்டோபரிலிருந்து மின்கட்டமைப்பின் மீதே ரஷ்யத் தாக்குதல்கள் குவிந்தன. மருத்துவமனைகள் ஜெனரேட்டரை நம்பி ஓடின. 2024 ஜூலை 8-ம் தேதி, கீவ் நகரில் உள்ள நாட்டின் மிகப்பெரிய குழந்தைகள் மருத்துவமனையான ஓக்மத்தித்தை ஏவுகணை தாக்கியது. கையில் டிரிப்ஸோடு, கீமோவில் முடி கொட்டிய தலையோடு குழந்தைகள் தெருவில் உட்கார்ந்திருந்த படங்கள் உலகம் முழுக்கப் பரவின. தாக்கியது தாங்கள் இல்லை என்றது ரஷ்யா. ரஷ்யாவின் கே.எச்.-101 ஏவுகணை நேரடியாக மோதியதற்கே வாய்ப்பு மிக அதிகம் என்றார்கள் ஐ.நா. மனித உரிமைக் கண்காணிப்பாளர்கள்.

வெளியேற வழியே இல்லாவிட்டால்?

உக்ரைன் குழந்தைகளுக்கு எல்லை திறந்திருந்தது. காஸாவில் அதுவும் இல்லை. அங்கே புற்றுநோய்க்கென்றே இருந்த ஒரே மருத்துவமனை துருக்கி-பாலஸ்தீன நட்புறவு மருத்துவமனை. எரிபொருள் தீர்ந்து 2023 நவம்பர் 1-ம் தேதி அது நின்றுபோனது. அதே மாதம் குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவு இருந்த அல்-ரன்டிசி மருத்துவமனையும் காலியானது. நட்புறவு மருத்துவமனைக் கட்டடத்தை 2025 மார்ச்சில் இஸ்ரேல் ராணுவம் வெடிவைத்துத் தகர்த்தது. ஹமாஸ் அதைப் பயன்படுத்தியது என்பது இஸ்ரேல் சொன்ன காரணம். துருக்கி அதைக் கடுமையாகக் கண்டித்தது.

போருக்கு முன்பே, சிக்கலான சிகிச்சை என்றால் இஸ்ரேலிடம் அனுமதி வாங்கிக்கொண்டு கிழக்கு ஜெருசலேமில் உள்ள அகஸ்டா விக்டோரியா போன்ற மருத்துவமனைகளுக்குத்தான் போக வேண்டும். 2024 மே மாதம் எகிப்து எல்லையில் உள்ள ரஃபா வாயிலும் மூடப்பட்டதும், நோயாளிகள் வெளியேறுவது கிட்டத்தட்ட நின்றேபோனது. வெளியே போக விண்ணப்பிக்க வேண்டுமென்றால் என்ன நோய் என்று எழுதிக் காட்ட வேண்டும். அதை எழுத லேப் வேண்டும். லேபே இல்லாத இடத்தில், நோய்க்குப் பெயர் கிடைக்காதவர் எந்தப் பட்டியலில் இடம்பிடிப்பார்?

மைக்ரோஸ்கோப் போதுமா?

எல்லாமே கைவிட்ட நிலையிலும் ஒரு பழைய ஆயுதம் மிச்சமிருக்கிறது. ஒரு சொட்டு ரத்தம், ஒரு கண்ணாடித் துண்டு, கொஞ்சம் சாயம், ஒரு மைக்ரோஸ்கோப். கண்ணாடி பொருத்திய பழைய மைக்ரோஸ்கோப் என்றால் கரண்ட்கூட வேண்டாம். சூரிய வெளிச்சமே போதும்.

அக்யூட் புரோமைலோசைடிக் லுக்கேமியா, சுருக்கமாக ஏ.பி.எல். என்ற நோயை எடுத்துக்கொள்வோம். ரத்தம் உறையும் முறையையே குலைத்துவிடும் நோய் இது. சிகிச்சை தாமதமானால் சில நாட்களிலேயே மூளையில் ரத்தம் கசிந்து இறந்துவிடலாம். முதல் சில வாரங்களைத் தாண்டிவிட்டாலோ பெரும்பாலானோர் முழுதாகக் குணமாகிறார்கள். வைட்டமின் ஏ-யிலிருந்து வந்த ‘அட்ரா’ என்ற கேப்சூல்தான் இதில் முக்கிய மருந்து. 1980-களில் சீனாவின் ஷாங்காயில் முதன்முதலில் வெற்றிகரமாகப் பயன்பட்டது.

ஏ.பி.எல். அணுக்களுக்குள் குச்சிக் கட்டுகள்போல ஊசி வடிவங்கள் அடுக்கிக் கிடக்கும். பழகிய கண்ணுக்கு ரத்தப் பூச்சிலேயே தெரிந்துவிடும். மரபணு ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம், சந்தேகம் வந்த உடனேயே அட்ராவைத் தொடங்குங்கள் என்றுதான் அமைதிக்காலத்துக்கான மருத்துவ வழிகாட்டிகளே சொல்கின்றன. அந்தப் பூச்சை மொபைலில் படமெடுத்து, வேறு நாட்டில் இருக்கும் நிபுணருக்கு அனுப்பியும் கருத்துக் கேட்கலாம்.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. மைக்ரோஸ்கோப்பில் லுக்கேமியாவைப் பார்க்கலாம். அதன் வகைகள் பலவற்றைப் பிரிக்க முடியாது. ஹீமோஃபிலியாவில் அணுக்கள் எல்லாம் சரியாகவே தெரியும். குறை இருப்பது ரத்தத்தை உறையவைக்கும் புரதத்தில். உறைவதற்கு எவ்வளவு நேரமாகிறது என்று தனியாகப் பார்த்தால்தான் பிடிபடும். அதுவரை, நிற்காமல் ரத்தம் வடிவதற்குக் காயத்தின் மேல்தான் பழி விழும்.

அரசு மறைத்தாலும் ரத்தம் காட்டிக்கொடுத்தது

அணுக்களை எண்ணிப் பார்த்தது ஒரு போர் ரகசியத்தை உடைக்க உதவிய வரலாறும் உண்டு. 1943 டிசம்பர் 2-ம் தேதி இரவு, இத்தாலியின் பாரி துறைமுகத்தில் ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசின. மூழ்கிய கப்பல்களில் ஒன்று, அமெரிக்காவின் ‘ஜான் ஹார்வி’. அதற்குள் ரகசியமாக 2,000 மஸ்டர்ட் வாயுக் குண்டுகள் இருந்தன. கரைக்கு வந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று மருத்துவர்களுக்கே தெரியவில்லை. நனைந்த உடையோடு அப்படியே போர்வை போர்த்திப் படுக்கவைத்தார்கள். கண் வீங்கியது, தோல் கொப்பளித்தது, ஒவ்வொருவராக இறந்தார்கள்.

விசாரிக்க வந்த அமெரிக்க ராணுவ மருத்துவர் ஸ்டூவர்ட் அலெக்சாண்டர், நோயாளிகளின் வெள்ளை அணுக்கள் சில நாட்களில் சரிந்ததைக் கவனித்தார். இது வெறும் தீக்காயம் இல்லை, மஸ்டர்ட் வாயு என்று அறிக்கை எழுதினார். பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் அதை ஏற்கவில்லை. பதிவேடுகளில் எதிரித் தாக்குதலால் வந்த தீக்காயம் என்றே எழுதவைத்தார்கள். வாயுவால் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்ந்த 600-க்கும் மேற்பட்டோரில் 83 பேர் இறந்தார்கள். என்ன விஷம் என்று முதல் நாளே சொல்லியிருந்தால், உடையைக் கழற்றிக் குளிப்பாட்டியே பலரைக் காப்பாற்றியிருக்கலாம்.

வெள்ளை அணுக்களை அழிக்கும் இந்த விஷத்தின் உறவுக்கார ரசாயனத்தை லிம்ஃபோமா நோயாளிக்குக் கொடுத்துப் பார்க்கும் முயற்சி, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1942-லேயே ரகசியமாகத் தொடங்கியிருந்தது. அலெக்சாண்டரின் அறிக்கை அந்த ஆராய்ச்சிக்கு வலு சேர்த்தது. கீமோதெரபி பிறந்தது இப்படித்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1949 ஜெனீவா ஒப்பந்தங்கள் மருத்துவமனைகளைத் தாக்கக் கூடாது என்கின்றன. 1977-ல் வந்த முதல் கூடுதல் நெறிமுறை, பாதுகாக்க வேண்டிய மருத்துவ அமைப்புகள் எவை என்று விளக்குகிறது. சிகிச்சை தரும் இடங்களோடு, நோயைக் கண்டறியும் இடங்களும் ரத்த வங்கிகளும் மருந்துக் கிடங்குகளும் அதில் அடங்கும். ஆபரேஷன் தியேட்டருக்கு உள்ள அதே பாதுகாப்பு, மைக்ரோஸ்கோப் வைத்திருக்கும் சின்ன லேபுக்கும் உண்டு.

ஆனால் லேபை முடக்க அதன் மேல் குண்டு போட வேண்டியதில்லை. மின்கம்பியை அறுத்தால் போதும். எரிபொருள் லாரியையும் ரசாயனப் பெட்டியையும் சோதனைச்சாவடியில் ஒரு வாரம் நிறுத்திவைத்தால் போதும். அப்படி ரிப்போர்ட் கிடைக்காமலே இறந்துபோகும் குழந்தை, போரில் பலியானவர்களின் கணக்கிலும் வராது, ரத்தப்புற்றால் இறந்தவர்களின் கணக்கிலும் வராது.